கடை மின்சாரத்தைப் பரிசோதிப்பது எப்படி? கொழும்பில் புதிதாகத் தொழில் தொடங்குவோருக்கு

புறக்கோட்டையில் துணிக்கடை வைத்திருக்கும் ஒரு முதலாளி ஒருநாள் என்னைக் கூப்பிட்டு ஒரு கடிதத்தைக் காட்டினார். தலைப்பு, முத்திரை, கையெழுத்து எல்லாம் ஒழுங்காக இருந்தன. உள்ளே ஒரே வரி: "மின் இணைப்புகள் பரிசோதிக்கப்பட்டன, யாவும் திருப்திகரம்."

"எவ்வளவு நேரம் எடுத்தாங்கள் அண்ணை?" என்று கேட்டேன்.

"அரை மணித்தியாலம் தம்பி. கடையைப் பூட்டக்கூட இல்லை, யாவாரம் நடந்துகொண்டே இருந்தது" என்றார், சந்தோஷமாக.

கரண்டை நிறுத்தாமல் வயரின் காப்பு, அதாவது செம்பைச் சுற்றியிருக்கும் உறை, எப்படி இருக்கிறதென்று அளக்க முடியாது. அதை அளக்காவிட்டால் சுவருக்குள் என்ன நடக்கிறதென்று யாருக்கும் தெரியாது. அவர் காசு கொடுத்து வாங்கியது ஒரு தாள் மட்டும்தான். கட்டடப் பராமரிப்பு வேலையில் இப்படிப்பட்ட தாள்கள் எனக்கு நிறையக் கிடைத்திருக்கின்றன. புதிதாகக் கடையோ சாப்பாட்டுக்கடையோ சிறு அலுவலகமோ திறப்பவர்கள் அதே தாளை வாங்கி ஃபைலில் போடாமல் இருப்பதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

முதலில், உங்கள் மின்சாரம் எங்கே தொடங்குகிறது என்று பாருங்கள்

மின்மானி வரைக்கும் பொறுப்பு விநியோகம் செய்பவர்களுடையது. கொழும்பு நகருக்குள் மின்சார சபை இணைப்பு. கோட்டே, நுகேகொடை, மொரட்டுவை, களனிப் பக்கம் லெகோ என்ற மின்சாரக் கம்பனி. உங்கள் பில்லைப் பார்த்தால் தெரியும். மின்மானிக்குப் பிறகு வருவதெல்லாம் உங்கள் தலையில், அல்லது கட்டடச் சொந்தக்காரர் தலையில்.

அந்த "அல்லது" என்ற சொல்லில்தான் சிக்கல். கெய்சர் வீதியிலும் குறுக்குத் தெருக்களிலும் பழைய கட்டடங்களில் ஒரு மின்மானி இருக்கும். அதிலிருந்து ஐந்தாறு கடைகளுக்குச் சொந்தக்காரரே உபமானி வைத்துப் பிரித்துக் கொடுத்திருப்பார். மாடிப்படியோடு ஒட்டி மேலே ஏறும் வயர் யாருடையது? வாடகை ஒப்பந்தம் எழுதும்போதே கேட்டு, எழுத்தில் வாங்கிவிடுங்கள். பிறகு கேட்டால் இருவருமே கையை விரிப்பார்கள்.

அடுத்து, ஒரு மாலை நேரம் கடை பூட்டிய பிறகு, பிரேக்கர்கள் எல்லாம் இருக்கும் டிபி பெட்டியைத் திறந்து, பிரேக்கர்களை ஒவ்வொன்றாக நிறுத்திப் பாருங்கள். எது நின்றால் எது அணைகிறதென்று ஒரு தாளில் எழுதுங்கள். பிரேக்கருக்கு மேலேயே ஸ்டிக்கரும் ஒட்டுங்கள். கொட்டாஞ்சேனையில் ஒரு கடையில் இப்படிச் செய்தபோது மூன்றாவது பிரேக்கரை நிறுத்தியதும் பக்கத்துக் கடையிலிருந்து சத்தம் வந்தது. அங்கே தையல் மெஷின் நின்றுவிட்டதாம். எத்தனை வருடமாக அந்த பில்லையும் சேர்த்து இவர் கட்டினார் என்பது வேறு கதை.

இணைப்பின் அளவையும் குறித்துக்கொள்ளுங்கள். ஒற்றைக் கட்ட (சிங்கிள் ஃபேஸ்) 30 ஆம்பியர் இணைப்பு என்றால் 230 வோல்ட்டில் கிட்டத்தட்ட 6,900 வாட். அதிலே இரண்டு ஏசி, ஒரு போத்தல் கூலர், தண்ணீர் ஹீட்டர், ஸ்டீம் அயன் எல்லாம் போட்டால் என்ன மிஞ்சும் என்று நீங்களே கூட்டிப் பார்க்கலாம்.

ட்ரிப் சுவிட்சை விளங்கிக்கொள்ளாமல் மேலே போகாதீர்கள்

பிரேக்கர் இருக்கிறதே, ஆளைக் காப்பாற்றாதா என்று கேட்பவர்கள் அதிகம். காப்பாற்றாது. பிரேக்கர் காப்பாற்றுவது வயரை. ஆளைக் காப்பாற்றுவது ட்ரிப் சுவிட்ச்.

கணக்கைப் பாருங்கள். நம் நாட்டில் பெரும்பாலான கட்டடங்களில் ஏர்த் என்பது நீங்களே நிலத்தில் அடித்த கம்பி. மின்சார சபை கொண்டுவந்து தருவதல்ல. அந்த ஏர்த்தின் தடை 10 ஓம், அதாவது நல்ல ஏர்த் என்றே வைத்துக்கொள்வோம். ஃபிரிஜ்ஜின் உடம்பில் லைவ் வயர், அதாவது கரண்ட் வரும் வயர், பட்டுவிட்டது. 230ஐப் பத்தால் பிரித்தால் 23 ஆம்பியர்தான் நிலத்துக்குப் போகும். 32 ஆம்பியர் பிரேக்கருக்கு அது ஒரு பொருட்டே இல்லை, அசையாமல் இருக்கும். ஃபிரிஜ் கதவைப் பிடிப்பவர்தான் அசைவார்.

ட்ரிப் சுவிட்ச் வேறு விதம். போன மின்னோட்டமும் திரும்பி வந்ததும் சமமா என்று அது பார்த்துக்கொண்டே இருக்கும். 30 மில்லி ஆம்பியர் குறைந்தாலே வெட்டிவிடும். ஏழு வாட் பல்ப் ஒன்றை எரிக்கும் அளவு அது, அவ்வளவுதான். அதற்கு மேல் உடம்பு வழியாகப் போனால் இதயத்தின் துடிப்பு குழம்பலாம் என்பதால்தான் அந்த எல்லை. உங்கள் ட்ரிப் சுவிட்சின் முகத்தில் 0.03 என்று அச்சிட்டிருக்கிறதா என்று இன்றைக்கே பாருங்கள். 0.1 அல்லது 0.3 என்றிருந்தால் அது தீப்பிடிப்பதைத் தடுக்க வைத்தது, ஆளைக் காப்பாற்ற அல்ல.

கொழும்பில் நான் திரும்பத் திரும்பக் காணும் குற்றம் ஒன்று உண்டு. மழைக்காலத்தில் ட்ரிப் அடிக்கடி விழும். யாவாரம் கெடுகிறது என்று வயரிங் வேலை செய்யும் ஒரு பாஸைக் கூப்பிடுவார்கள். அவர் இரண்டு வயரை ஒன்றாக முறுக்கி ட்ரிப்பைத் தாண்டி இணைத்துவிட்டுப் போவார். "இனி விழாது." உண்மைதான், இனி விழாது, விழ வேண்டிய நேரத்திலும் விழாது.

விழுவதற்குக் காரணம் பெரும்பாலும் கடைக்கு வெளியே இருக்கும் பெயர்ப்பலகை விளக்கு, அல்லது கூரை ஒழுகும் இடத்துப் பிளக் பொயின்ட், அல்லது பழைய தண்ணீர் ஹீட்டர். பிரேக்கர்களை எல்லாம் நிறுத்திவிட்டு ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்தாலே எந்த வழியில் (ஒரு பிரேக்கரிலிருந்து போகும் வயரிங்கில்) ஒழுக்கு என்று பெரும்பாலும் பிடிபடும். அலுவலகமென்றால் இன்னொரு காரணமும் இருக்கலாம். ஒவ்வொரு கணினியும் கொஞ்சம் கொஞ்சமாக ஏர்த்துக்கு ஒழுக்கும். இருபது கணினி ஒரே ட்ரிப்பில் இருந்தால் எல்லாம் சேர்ந்து எல்லைக்குக் கிட்டப் போய்விடும். அதற்கு மருந்து, வழிகளைப் பிரித்துத் தனித்தனி ட்ரிப் போடுவது. செலவுதான். ஆனால் ஒரு வழி விழுந்தாலும் மற்றது எரியும், கேஷ் மெஷின் நிற்காது என்பதால் அந்தச் செலவு வீண்போகாது.

மாதம் ஒருமுறை நீங்களே நடந்து பாருங்கள்

இதற்கு எலெக்ட்ரீசியன் வேண்டாம், கருவியும் வேண்டாம். சம்பளம் கொடுக்கும் நாளை இதற்கு வைத்துக்கொண்டால் மறக்காது. நல்ல யாவார நேரத்தில், எல்லாம் ஓடும்போது சுற்றிவாருங்கள்.

பிளக்கின் முதுகில் புறங்கையை வையுங்கள். இளஞ்சூடு பரவாயில்லை. கையை எடுக்கத் தோன்றும் சூடு என்றால் உள்ளே ஸ்க்ரூ தளர்ந்திருக்கிறது. வெள்ளைப் பிளக் பொயின்ட் மஞ்சளாகவோ பழுப்பாகவோ மாறியிருந்தாலும் அதே கதைதான். மூக்கையும் பாவியுங்கள். சூடேறிய பிளக், சுவிட்ச் பிளாஸ்டிக் சிலவேளை மீன் வாடை அடிக்கும். சாப்பாட்டுக்கடையில் அதை யாரும் கணக்கெடுப்பதில்லை. புத்தகக் கடையில் மீன் மணந்தால் சந்தேகப்படுங்கள். டிபி பெட்டிக்குப் பக்கத்தில் காதை வைத்துக் கேளுங்கள். லேசான ரீங்காரம் இருக்கலாம், சடசடவென்று கேட்கக் கூடாது.

வயர் கோட்களை (எக்ஸ்டென்ஷன்களை) எண்ணுங்கள். ஒன்றில் இன்னொன்றைச் செருகியிருந்தால் கழற்றுங்கள். கார்பெட்டுக்குக் கீழே, துணி மூட்டைக்குப் பின்னால், கதவிடுக்கில் நசுங்கிப் போகும் கோட்கள் எல்லாவற்றையும் வெளியே எடுங்கள். நிரந்தரமாக ஓர் இடத்தில் கோட் தேவைப்படுகிறதென்றால் அங்கே ஒரு பிளக் பொயின்ட் தேவை என்று அர்த்தம். இப்போது நம் நாட்டின் தரம் 13 ஆம்பியர் சதுரக்கால் பிளக். வெளிநாட்டிலிருந்து வந்த இரண்டு கால் பிளக்கை, ஏர்த் துளையில் பேனாவைக் குத்தி மூடியைத் திறந்து செருகும் பழக்கம் கடைப்பையன்களிடம் உண்டு. ஒரு பெட்டி நிறைய அடப்டர் வாங்கிக் கொடுத்தாலும் செலவு ஒன்றுமில்லை.

கடைசியாக, ட்ரிப் சுவிட்சின் 'டி' பொத்தானை அழுத்துங்கள். அதற்கு முன் கணினியையும் கேஷ் மெஷினையும் ஒழுங்காக நிறுத்திவிடுங்கள். அழுத்தியதும் டக்கென்று விழ வேண்டும். விழாவிட்டால் அது அன்றைக்கே மாற்ற வேண்டிய சாமான்.

எந்த நேரத்திலும் செய்ய வேண்டியது ஒன்றும் உண்டு. மூன்று கட்ட இணைப்புள்ள கடையில் சில பல்ப் கண்ணைக் கூசும்படியும் சில மங்கியும் எரியத் தொடங்கினால், யோசிக்காமல் மெயினை நிறுத்துங்கள். நியூட்ரல், அதாவது கரண்ட் திரும்பிப் போகும் வயர், கழன்றிருக்கலாம். அப்போது 230 வோல்ட் சாமான்களுக்கு 400 வரைக்கும் ஏறலாம். ஒரு தடவை நான் "கொஞ்சம் பார்ப்போம்" என்று நின்றதில் எட்டு நிமிடத்தில் இரண்டு டிவியும் ஒரு மொனிட்டரும் போயின. பழியை வேறு யார்மேலும் போட முடியவில்லை. அந்த டிபியின் நியூட்ரல் ஸ்க்ரூவை இறுக்கியவனே நான்தான்.

யாரைக் கூப்பிடுவது

வயரிங் செய்தவரே பரிசோதிக்கக் கூடாது என்பது என் கொள்கை. அவர் கெட்டிக்காரராக இருந்தாலும் தன் பிழையைத் தன் கண் காணாது. தேசிய தொழிற்றகைமை மூன்றாம் அல்லது நான்காம் மட்டச் சான்றிதழ் இருக்கிறதா என்று கேளுங்கள். கேட்பதில் வெட்கம் வேண்டாம். பெரிய கட்டடம், லிஃப்ட், ஜெனரேட்டர், பெரிய ஏசி என்றால் பட்டயப் பொறியியலாளர் ஒருவர் கையெழுத்திடுவது நல்லது. ஆள் வைத்துத் தையல் மெஷினோ அச்சு மெஷினோ ஓட்டுகிறீர்கள் என்றால் 1942இன் 45ஆம் இலக்கத் தொழிற்சாலைகள் கட்டளைச் சட்டத்துக்குள் வரக்கூடும். தொழில் திணைக்களத்தில் விசாரித்துவிடுங்கள்.

ஆனால் சான்றிதழை விட நான் பார்ப்பது பை. பைக்குள் காப்பை அளக்கும் மெகர் இருக்க வேண்டும், ஏர்த் அளக்கும் கருவி இருக்க வேண்டும், ட்ரிப் எத்தனை மில்லிசெகண்டில் விழுகிறதென்று காட்டும் கருவி இருக்க வேண்டும், வயரைக் கவ்வி ஆம்பியர் அளக்கும் கிளாம்ப் மீட்டர் இருக்க வேண்டும். சட்டைப்பையில் டெஸ்டரோடு மட்டும் வருபவருக்கு ஒரு பிளேன்டீ கொடுத்து அனுப்பிவிடுங்கள்.

நாள் குறிப்பது

கடையை அரை நாளாவது இருட்டாக்க வேண்டும். போயா நாள் நல்லது. சித்திரைப் புத்தாண்டுக்கு வேலையாட்கள் ஊருக்குப் போகும் நாட்கள் அதைவிட நல்லது. அதற்கு இன்னொரு காரணமும் உண்டு. மே மாதத்தில் தென்மேல் பருவமழை தொடங்கிவிடும். ஒழுகும் இடங்களை மழைக்கு முன்னால் பிடிப்பது இலேசு. தீபாவளிக்கு முதல் வாரம் மட்டும் வேண்டாம்; அந்த வாரம் எந்த முதலாளியும் மெயினில் கை வைக்க விடமாட்டார்.

பரிசோதனை நாளில் என்ன நடக்க வேண்டும்

கரண்ட் இருக்கும்போதே செய்ய வேண்டிய ஒன்று முதலில்: எல்லாச் சாமானும் முழுமூச்சில் ஓடும்போது டிபியை வெப்பக் கமராவால் பார்ப்பது, ஒவ்வொரு வழியிலும் எத்தனை ஆம்பியர் போகிறதென்று கிளாம்ப் மீட்டரால் அளப்பது. இதை முந்தின நாள் மாலையில் செய்தால் நல்லது, ஏனென்றால் மூடிய கடையில் சுமை இருக்காது.

பிறகு மெயினை நிறுத்தி, பூட்டுப் போட்டு, "வேலை நடக்கிறது" என்று அட்டை தொங்கவிட வேண்டும். நிறுத்தியாயிற்று என்று நம்பாமல் அளந்தும் பார்க்க வேண்டும். ஜெனரேட்டர் இருந்தால் அதையும் பூட்ட வேண்டும். 2022இல் நாளுக்கு 13 மணி நேரம் வரை கரண்ட் நின்ற காலத்தில் அவசரத்தில் வாங்கிப் பொருத்திய ஜெனரேட்டர்கள் இன்னும் பல கடைகளில் இருக்கின்றன. சிலவற்றுக்கு, தெருக் கரண்டும் ஜெனரேட்டர் கரண்டும் ஒன்றாகச் சேராமல் மாற்றிவிடும் சரியான சேஞ்ச்ஓவர் சுவிட்ச் கிடையாது. இரண்டு பக்கமும் ஆண் முள் வைத்த ஒரு வயரைப் பிளக் பொயின்டில் செருகிக் கரண்டை ஏற்றுகிறார்கள். அந்த வயரைக் கண்டால் அங்கேயே வெட்டுங்கள். கையில் இருக்கும் முள்ளிலேயே கரண்ட் இருக்கும். போதாததற்கு அது தெரு லைனுக்கும் ஏறி, கம்பத்தில் வேலை செய்பவரைக் கொல்லும்.

அடுத்து கண்ணால் பார்ப்பது. பழைய கட்டடங்களில் நிறம் பெரிய பொறி. முந்திய முறையில் சிவப்பு, மஞ்சள், நீலம் மூன்றும் லைவ், கறுப்பு நியூட்ரல். இப்போதைய முறையில் பழுப்பு, கறுப்பு, சாம்பல் மூன்றும் லைவ், நீலம் நியூட்ரல். ஒரே பெட்டிக்குள் பழையதும் புதியதும் கலந்திருந்தால் நீலமும் கறுப்பும் எதுவாகவும் இருக்கலாம். பரிசோதிப்பவர் அங்கே எச்சரிக்கை ஸ்டிக்கர் ஒட்டாமல் போகக் கூடாது. வயர் தடிப்பையும் பார்க்க வேண்டும்: ஹார்ட்வெயார் கடையில் 7/0.67 என்று கேட்டு வாங்கும் வயர் இரண்டரைச் சதுர மில்லிமீட்டர். அதை 32 ஆம்பியர் பிரேக்கரில் தனி வழியாக மாட்டியிருந்தால், பிரேக்கர் விழுவதற்கு முன் வயர் வெந்துவிடலாம். வெள்ளவத்தை, பம்பலப்பிட்டியில் கடல் பக்கக் கடையென்றால் உப்புக் காற்றில் பச்சை பிடித்த இணைப்புகளையும், வெளியே நிற்கும் ஏசிப் பெட்டியையும் தனியாகப் பார்க்கச் சொல்லுங்கள்.

பிறகு மெகர். 500 வோல்ட் நேர்மின்னோட்டத்தில் வயரின் காப்பை அளப்பது. ஒரு மெகாஓமுக்குக் கீழே வந்தால் அந்த வழி தேறவில்லை. நல்ல வயரில் நூற்றுக்கணக்கில் வரும். இதற்கு முன் கணினி, எல்ஈடி விளக்குகள், கேஷ் மெஷின் எல்லாவற்றையும் கழற்றச் சொல்ல மறக்காதீர்கள். 500 வோல்ட்டில் அவை கருகிவிடலாம்.

ஏர்த் கம்பியின் தடையைத் தனியாக அளக்க வேண்டும். பத்து ஓமுக்குக் கீழே என்பது இங்கே பொதுவாக எதிர்பார்க்கும் அளவு. மழை விட்ட மறுநாள் அளந்தால் நன்றாகத்தான் வரும். வெயிற்காலத்தில் வரும் எண்தான் உண்மையான எண். கடைசியாகக் கரண்டைத் திரும்பப் போட்டு ட்ரிப் சுவிட்சின் வேகம்: 30 மில்லி ஆம்பியரில் 300 மில்லிசெகண்டுக்குள், அதன் ஐந்து மடங்கில் 40 மில்லிசெகண்டுக்குள் விழ வேண்டும். பாதி அளவில் விழக் கூடாது.

அறிக்கையில் எண்கள் இருக்க வேண்டும்

ஒவ்வொரு வழிக்கும் தனி வரி. ஒவ்வொரு வரியிலும் எண். "ஒக்கொம ஹரி" என்று சிங்களத்தில் சொன்னாலும் "எல்லாம் ஓகே" என்று தமிழில் சொன்னாலும் அது அறிக்கை ஆகாது. குறைகளை மூன்றாகப் பிரித்துத் தரச் சொல்லுங்கள்: இப்போதே ஆபத்தானது, ஆபத்தாகக் கூடியது, திருத்தினால் நல்லது. முதல் வகை இருந்தால் திருத்தும்வரை அந்த வழிக்குக் கரண்ட் போடக் கூடாது. அதில் பேரம் இல்லை.

எண்ணின் பயன் அடுத்த தடவைதான் தெரியும். இந்த வருடம் 200 மெகாஓம், அடுத்த தடவை 20, அதற்கடுத்து 2 என்றால் மூன்றுமே 'பாஸ்'தான். ஆனால் அந்த வயர் செத்துக்கொண்டிருக்கிறது.

அந்தத் துணிக்கடையில் அடுத்த போயாவுக்கு உண்மையான சோதனை செய்தோம். பின்னறைக் களஞ்சியத்துக்குப் போகும் வழியில் 0.3 மெகாஓம் வந்தது. மூட்டைகளை இறக்கிப் பார்த்தால் எலி கடித்த வயர், செம்பு தெரிய, துணியோடு ஒட்டிக் கிடந்தது.

எத்தனை வருடத்துக்கு ஒருமுறை

நம்மவர்கள் பின்பற்றும் பிரித்தானிய வயரிங் வழமையில் கடைக்கும் அலுவலகத்துக்கும் ஐந்து வருடம், தொழிற்சாலைக்கு மூன்று, பெட்ரோல் நிலையத்துக்கும் நீச்சல் தடாகத்துக்கும் ஒன்று, கட்டட வேலைத்தளத்தின் தற்காலிக இணைப்புக்கு மூன்று மாதம் என்று சொல்வார்கள். அது உச்ச எல்லை. நம்முடைய ஈரப்பதம், எலி, உப்புக் காற்று எல்லாவற்றையும் பார்த்தால் கடைக்கு மூன்று வருடம், தரை எப்போதும் நனைந்திருக்கும் சாப்பாட்டுக்கடைக்கு வருடம் ஒருமுறை என்பது என் கணக்கு. தேங்காய் துருவும் மெஷினையும் கிரைண்டரையும் ஈரக்கையோடு பிடிக்கும் இடம் அது. இவை தவிர, புது ஏசி பூட்டினால், ஜெனரேட்டர் வாங்கினால், கடைக்குள் வெள்ளம் வந்தால், முன்னைய வாடகைக்காரர் விட்டுப்போன கடையை எடுத்தால், காலம் பார்க்காமல் சோதிக்க வேண்டும். வெசாக்குக்கும் தீபாவளிக்கும் முகப்பில் தொங்கும் அலங்கார விளக்குகளுக்கு ட்ரிப்போடு தனி வழி கொடுங்கள். பண்டிகை முடிந்ததும் கழற்றுங்கள்.

அறிக்கைகளை எறியாதீர்கள். காப்புறுதிக்காரர் கேட்கும்போது அந்தத் தாள்கள்தான் பேசும்.

டிபி கதவுக்கு உள்ளே ஒட்ட வேண்டியது

முதலில் நீங்கள் எழுதிய பிரேக்கர் தாள். அதற்குக் கீழே எலெக்ட்ரீசியன் இலக்கம், அடுத்த சோதனைத் திகதி. பிறகு தீயணைப்புச் சேவை 110, சுவசெரிய அம்புலன்ஸ் 1990, மின்சார சபை 1987. ஒருவரைக் கரண்ட் பிடித்திருந்தால் தொடாமல் முதலில் மெயினை நிறுத்த வேண்டும். மின்தீக்குத் தண்ணீர் ஊற்றக் கூடாது, கார்பன்டைஒக்சைட் அல்லது உலர்தூள் அணைப்பான்தான் என்பதைக் கடைப்பையன்களுக்கு வாயால் சொல்லுங்கள். அணைப்பானை டிபிக்கு அடியிலேயே மாட்டாமல், நெருப்பைத் தாண்டாமல் எடுக்கக்கூடிய இடத்தில், வாசல் பக்கமாக மாட்டுங்கள்.

பெட்டிக்கு முன்னால் சாமான் அடுக்க விடாதீர்கள். பெட்டிக்குப் பூட்டுப் போட்டிருந்தால், சாவியை முதலாளி வீட்டுக்குக் கொண்டுபோகாமல் கேஷியரிடம் வையுங்கள்.